பாக்கெட்டின் பின்பக்கம்

1

இந்தக் கதை ஒரு மசாலாப் பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. அங்கே இடமில்லாமல் போனதால் இங்கே வந்திருக்கிறது. ஏன் இடமில்லாமல் போனது என்பதுதான் கதை. அதைக் கடைசியில்தான் சொல்வேன். நடுவில் எழுந்து போகிறவர்கள் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (கோபித்துக்கொள்வேன்.)

என் பெயர் கல்பனா. கொல்கத்தாவில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் வாசகம் எழுதுகிறேன். வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களுக்குப் பெயர் வைப்பது, லேபிள் போடுவது, பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘எங்கள் கதை’ என்று ஒரு பத்தி எழுதுவது எங்கள் பிழைப்பு. ஊறுகாயோ மெழுகுவத்தியோ சோப்போ, இப்போதெல்லாம் எதற்கும் ஒரு கதை கேட்கிறார்கள். நான் எழுதிய கதைகள் இந்த நகரத்தின் பல குளியலறைகளில் நனைந்துகொண்டிருக்கின்றன. யாரும் படித்ததாகச் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில், அலுவலகத்தை நடத்துகிற மேக்னா என் மேஜைக்கு வந்தாள்.

“கல்பனா, ஒரு சவுத் இண்டியன் மசாலா வந்திருக்கு. இங்க நீதான் தமிழ். நீயே எழுதிடு.”

(மேக்னா பேசுவது வங்காளமும் ஆங்கிலமும். தமிழ் தெரிந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் ஆட்சேபித்தால் அவளே ஒரு கதை எழுதட்டும்.)

என்ன பொடி என்றுகூடக் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்:

காவிரிக் கரையின் சின்னஞ்சிறு கிராமமொன்றில், கோயில் மணி ஒலிக்கும் அதிகாலையில், வாழையிலையின் பச்சை வாசத்தோடு, தலைமுறை தலைமுறையாக அம்மியில் அரைக்கப்பட்ட—

போதும், விட்டுவிடுகிறேன். மிச்சத்தை நீங்களே முடித்துவிட முடியும் என்பதுதான் அதன் லட்சணம்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: காவிரியை நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் வந்து தங்கிவிட்டவர். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுவோம். மிக்ஸியில் அரைப்போம்.]

2

இனிமேல்தான் கதையைத் தொடங்க வேண்டும். தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

தமயந்தி ஹவுராவில் பிறந்தாள், அவள் அப்பா பன்னீர்செல்வம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில்— (சரிதான், ஆனால் சர்வீஸ் புத்தகம் மாதிரி இருக்கிறது.)

டிபன் கேரியரைத் திறந்ததும் எழுந்த மணம் அலுவலகம் முழுவதும்— (மணத்தில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை. அவற்றில் பாதியை நானே எழுதியிருக்கிறேன்.)

எனவே அவள் கேட்ட முதல் கேள்வியிலேயே தொடங்குகிறேன்.

“இது யாரு?”

லேபிளின் மாதிரியைக் காட்ட அவளை வரவழைத்திருந்தோம். தமயந்திக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பு மேஜை வேலையை விட்டுவிட்டுப் பொடி அரைக்க இறங்கியவள். தெருக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்த பொடி அது. கரியாஹாட்டில் தொடங்கி ஊரெல்லாம் கிளை விட்டிருக்கும் பெரிய கடை ஒன்று, லேபிள் நன்றாக இருந்தால் துர்கா பூஜைக்கு முன் தங்கள் ஷெல்ஃபில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த ஷெல்ஃப் கிடைத்தால் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் அவள் மறுபடியும் அந்த வரவேற்பு மேஜைக்குப் போய், டாக்டர் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

லேபிளில் ஒரு கோபுரம் இருந்தது. ஒரு வாழையிலை இருந்தது. நடுவில் குடுமியும் நெற்றிப் பட்டையுமாக ஒருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக்கொண்டு, ‘பிரமாதம்’ என்கிற பாவனையில் சிரித்தார். மேலே பெயர்: காவேரி அக்ரஹாரம். கீழே: புளிக்குழம்பு மசாலா.

“இது யாரு?”

“அவர்தான் பிராண்டோட முகம்” என்றாள் மேக்னா.

“எங்க வீட்ல இப்படி யாரும் இல்லையே. எங்கப்பா ஷெட்ல ஃபிட்டரா இருந்தாக. அவுகளுக்கு முடியெல்லாம் கல்யாணத்துக்கு முந்தியே கொட்டிப் போச்சு.”

(தமயந்தி இதைச் சொன்னது வங்காளத்தில். மேக்னாவையே இரண்டு இடத்தில் “என்ன?” என்று கேட்க வைத்த ஹவுரா வங்காளம். அவள் வீட்டில் பேசும் தூத்துக்குடித் தமிழுக்கு அதை நான் கொண்டுவந்திருக்கிறேன்.)

“ஒரு அடையாளத்துக்குத்தான்” என்றாள் மேக்னா.

“சரி. மீன் எங்க?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அது மீன் குழம்புப் பொடி.

“இங்க பாரு தமயந்தி. சவுத் இண்டியன்னாலே ஜனங்களுக்கு இட்லி, தோசை, கோயில், சைவம். அதுல மீனைக் கொண்டுவந்தா கஸ்டமர் குழம்பிப் போயிடுவாங்க. அந்தக் கடைக்காரங்க இந்த லுக்குக்குத்தான் சரின்னு சொல்லியிருக்காங்க.”

“தூத்துக்குடில கடல் இருக்கு, மேக்னாதி. கடல்ல மீன் இருக்கு. நாங்க அதத் திங்கோம். இதுல குழம்புறதுக்கு என்ன இருக்கு?” (‘தி’ என்றால் வங்காளத்தில் அக்கா.)

அதற்குப் பிறகுதான் கேரியரைத் திறந்தாள். மேக்னா வங்காளி, மீனைக் கண்டால் வாதத்தை ஒத்திவைப்பவள். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எப்ப செஞ்சது?”

“நேத்து.”

மேக்னாவின் கை நின்றது. “பாஷியா?” என்றாள். பழையது, ஊசிப்போனது எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான்.

“நேத்து வெச்சாத்தான் அது மீன் குழம்பு. இன்னைக்கு வெச்சது வெறும் மீனும் புளித்தண்ணியும்.”

மேக்னா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “ஆனா லேபிள் இதுதான்” என்றாள்.

நான் சாப்பிடவில்லை. நான் சைவம். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. என்னை மாதிரி ஒருத்தி கடையில் முகம் சுளித்துவிடக் கூடாதே என்றுதான் அந்தப் பாக்கெட்டிலிருந்து மீனை எடுத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுளித்திருப்பேனா என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இந்தக் கதையின் முதல் பிரதியில் தமயந்தி லேபிளைக் கிழித்து மேஜையில் எறிந்துவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போனாள். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் தமயந்தி அப்படிப்பட்டவள் இல்லை. லேபிளை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள். லிஃப்ட் வரை கூடப் போன என்னிடம் தமிழில் கேட்டாள்.

“அக்கா, அந்தப் பின்பக்கத்துக் கதைய நீங்கதான எழுதுனிய?”

“ஆமா.”

“எங்க வீட்டுக்கு ஒருதடவ வந்து பாத்துட்டு எழுதுங்க. வீட்டப் பாக்காம எப்படி வீட்டுக் கதை எழுதுதிய?”

எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகக் கேட்பவர்கள் மீது வருகிற கோபம் அது.

3

விஸ்வகர்மா பூஜைக்கு (நம் ஆயுத பூஜை மாதிரி) முந்தின நாள் சாந்த்ராகாச்சி போனேன். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

இந்த இடத்தில் யார்டையும் பட்டங்களையும் வர்ணிக்கலாம். செய்யப்போவதில்லை. பட்டம் பறந்தது, யார்டு யார்டு மாதிரி இருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது தெருதான். ஒவ்வொரு வீட்டிலும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று ‘ரான்னா பூஜோ’. முதல் நாளே எல்லாவற்றையும் சமைத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் அடுப்புக்கு ஓய்வு. அடுப்பையே அம்மனாகக் கும்பிட்டுவிட்டு, ஆறிப்போன சோற்றையும் முந்தின நாள் மீனையும் கீரையையும் விருந்தாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். கொல்கத்தாவில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தெரியாது. லேக் மார்க்கெட்டில் எங்கள் மாடிக் குடித்தனத்தில் தெரிய வழியில்லை, நானும் தேடிப் போனதில்லை.

தமயந்தியின் அம்மா நீலாவதி புறவாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சைவம் என்று மகள் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் முறத்தால் மீனை மூடினார்.

“மூட வேண்டாம்மா” என்றேன்.

“இருக்கட்டும்மா, ஒங்களுக்குச் சங்கடம்.”

“அம்மா, அவுகளுக்கு அந்தக் கதையச் சொல்லு” என்றாள் தமயந்தி.

“எந்தக் கத?”

“நீ ஒப்பாரி வெச்ச கத.”

நீலாவதி முறைத்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதையும், நடுவில் தமயந்தி திருத்தியதையும், பக்கத்து வீட்டு மாஷிமா (வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து வங்காளத்தில் சேர்த்ததையும் ஒன்றாக்கி எழுதுகிறேன்.

நீலாவதி கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிது. ஒரு சொல் வங்காளம் தெரியாது, இந்தியும் தெரியாது. ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கிறார், பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. புகை இல்லை. வெயில் ஏறியும் எரியவில்லை. ஆனால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். அவர் பிறந்த ஊரில் ஒரு வீட்டில் ஆள் கூடி, அடுப்பு மட்டும் எரியாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு.

தெரிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியுமா? முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடினார். வாசலில் நின்ற மாஷிமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “என்னப் பெத்த மகராசி” என்று ஊர் வழக்கப்படி எடுத்துவிட்டார்.

மாஷிமாவுக்கு உயிரே போய்விட்டது. புதுப்பெண் வந்து இப்படிக் கதறுகிறது என்றால் யார்டில் அந்தப் பெண்ணின் புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது. வண்டிகளுக்கு நடுவே வேலை செய்கிறவன், ஆகாதா? அவரும் கதறிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றித் தேற்றி அழுதார்கள். தெரு கூடியது. ஷெட்டில் விஸ்வகர்மா பூஜைப் பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த பன்னீர்செல்வத்திடம் யாரோ ஓடிப்போய், உன் வீட்டுப் பக்கம் அழுகைச் சத்தம் என்றார்கள். அவர் பொட்டலத்தோடு ஓடிவந்தார். மனைவி பக்கத்து வீட்டு அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது ஊர் வழக்கம்தானே. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து ஆண்கள் வரிசையில் போய் நின்றார்.

தான் இறந்துவிட்டதற்காக நடக்கும் துக்கத்தில் அவரும் கலந்துகொண்டார்.

கடைசியில் ரயிலில் கார்டாக வேலை பார்த்த ஒருவர் இந்தியில் கேட்டார். செத்தது யார்? பன்னீர்செல்வம் பக்கத்து வீட்டைக் காட்டினார். பக்கத்து வீட்டார் பன்னீர்செல்வத்தைக் காட்டினார்கள்.

“நான் அப்படியொண்ணும் கட்டிப்பிடிச்சு அழல. லேசாத்தான் அழுதேன். அப்படி எழுதுங்க” என்றார் நீலாவதி.

“தெருவே கூடிருக்கு. லேசா அழுதாளாம்” என்றாள் தமயந்தி.

(லேசாக அழுதால் கதை நகராது. மன்னிக்க வேண்டும் அம்மா, பலமாகவே வைத்துக்கொள்கிறேன்.)

சிரித்து ஓய்ந்ததும் மாஷிமா இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப்போய் உட்கார வைத்துத் தட்டு வைத்தார். தண்ணீர் ஊற்றிய பழைய சோறு, நேற்றைய மீன், நேற்றைய கீரை. நீலாவதி சாப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் நேற்றையது. எழுந்து வீட்டுக்குப் போய், உறியில் இருந்த மண்சட்டியை எடுத்துவந்து நடுவில் வைத்தார். முந்தின நாள் சாயங்காலம் வைத்த மீன் குழம்பு. அவர் வீட்டில் தினமும் அப்படித்தான். ராத்திரி முழுக்கப் புளியும் காரமும் மீனில் ஏற வேண்டும், மறுநாள்தான் சட்டியில் கைவைப்பார்கள். மாஷிமா ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அப்புறம் தெரு ஊற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரான்னா பூஜோவுக்கும் அந்தச் சட்டி போகிறது. அம்மனுக்குப் படைக்கும் வரிசையில் வைக்க மாட்டார்கள், அதற்கு அவர்கள் கணக்கு வேறு. சாப்பிட உட்காருகிறவர்களின் தட்டுக்குப் போகும். மற்ற நாட்களிலும் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு அம்மா பொடி கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் அதைத் தொழிலாக்கினாள்.

திரும்பும் ரயிலில் என் காவிரிக் கரைப் பத்தியை எடுத்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். உண்மையில் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு பெரிய கதை பக்கத்து மாவட்டத்தில் கிடக்கும்போது, கடையில் விற்கும் கோபுரத்தை எடுத்து யார் யார் தலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறோமே என்கிற ஆத்திரம்.

4

பெயரைத் தமயந்திதான் வைத்தாள். நேத்து.

முன்பக்கத்தில் ஒரு மீன், அதற்கு மேல் ‘நேத்து’ என்று தமிழில், கீழே வங்காளத்தில் மீன் குழம்பு மசாலா என்று. தமிழ் எழுத்தை அவளே எழுதினாள். வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். “எனக்குத் தமிழ் படம் வரையுற மாதிரிதான் வரும் அக்கா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கித் தரலாமா என்று என் கை பரபரத்தது. பேசாமல் இருந்தேன்.

பின்பக்கத்துக்கு நான் எழுதினேன்:

எங்கள் தெருவில் ஒருநாள் அடுப்பு எரியாததைச் சாவு என்று நினைத்து என் அம்மா அழுதாள். பக்கத்து வீட்டு மாஷிமா என் அப்பாவுக்காக அழுதாள். யாரும் சாகவில்லை. நேற்று வைத்ததைச் சேர்ந்து சாப்பிட்டோம். இது அந்தக் குழம்பின் பொடி. இன்று வையுங்கள், நாளை சாப்பிடுங்கள்.

நான் இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. தன்னடக்கத்துக்கு இது இடமில்லை.

மேக்னா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள். “சாப்பாட்டுப் பாக்கெட்ல சாவுங்கற வார்த்தையா?” என்றாள். “ஃப்ரெஷ் ஃப்ரெஷ்னு எல்லாரும் கத்திட்டிருக்கும்போது நேத்துன்னு பேர் வெப்பியா?” என்றாள். அவளை இந்தக் கதையின் வில்லியாக்குவது எனக்குச் சுலபம். ஆனால் அவள் அதை எடுத்துக்கொண்டு கரியாஹாட் கடைக்காரர்களிடம் இரண்டு முறை போனாள். நான் போயிருக்க மாட்டேன்.

அவர்கள் சொன்ன பதில் இது. பொடி அருமை. பழைய லேபிள் என்றால் பூஜைக்கே எல்லாக் கிளையிலும் வைக்கிறோம். மீனும் நேற்றும் வேண்டாம். தென்னிந்தியா மாதிரி இல்லை.

“ஒரே ஒரு சீசனுக்கு” என்று தமயந்தியிடம் கெஞ்சினாள் மேக்னா. “முதல்ல உள்ள போயிடு. அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்.”

“மேக்னாதி, ஒங்க வீட்ல துர்கா பூஜைக்கு ஆட்டுக்கறி உண்டா?”

“உண்டு.”

“நாளைக்கி ஒருத்தர் வந்து, சாமி கும்புடுறவுகன்னா சைவம்தான், கறி திங்கறத வெளிய சொல்லாதிய, அப்பத்தான் ஒங்கள இந்துன்னு ஒத்துக்கிடுவோம்னு சொன்னா என்ன சொல்லுவிய?”

மேக்னா சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றாள் தமயந்தி. “அந்த ஷெல்ஃப்ல எம் பொடி இருக்கும். நான் இருக்க மாட்டேன். எங்கம்மா இருக்க மாட்டா. குடுமி வெச்ச யாரோ ஒருத்தர் நின்னுக்கிட்டு எங்க சட்டிக்குப் பேரு வாங்குவாரு. எனக்கு வேண்டாம்.”

கைப்பையிலிருந்து அந்தப் பழைய லேபிளை எடுத்து மேஜையில் வைத்தாள். கிழிக்கவில்லை. மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. அந்தக் குடுமிக்காரர் இரண்டாக மடிந்தும் சிரித்துக்கொண்டிருந்தார்.

5

இனி வேறு ஷெல்ஃப் தேட வேண்டும். அதனால் பத்மநாபன் மாமாவைக் கதைக்குள் கொண்டுவருகிறேன்.

லேக் மார்க்கெட்டில் அவருடையது மளிகைக் கடை. அப்பளம், சுண்டைக்காய் வற்றல், காப்பிப் பொடி, பஞ்சாங்கம். தெற்குக் கொல்கத்தாவில் தமிழர்கள் எல்லாரும் ஒருதரமாவது அந்தக் கல்லாவுக்கு முன் நின்றிருப்பார்கள். வங்காளிகளும் வருவார்கள், சாம்பார் பொடிக்கு. அங்கே ஒரு சாமான் வைத்தால் ஊருக்கே தெரியும்.

தமயந்தியோடு போய் ஒரு மாதிரிப் பாக்கெட்டை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, அதன் வாயை லேசாகத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. பிறகு திருப்பிப் பார்த்தார்.

“என்னடி கல்பனா இது, மீன்?”

“மீன் குழம்புப் பொடி மாமா.”

“புரட்டாசி வேற பொறந்தாச்சு. பெருமாள் படத்துக்கு நேர்க்க மீனை வெக்கச் சொல்றயா?”

“பொடில மீன் கிடையாது மாமா. மிளகா, மல்லி, சீரகம். பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாருங்கோ.”

“அப்ப எதுக்கு மீன் படம்?”

“மீனுக்குத்தான சார் பொடி” என்றாள் தமயந்தி.

நான் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “பெருமாளே ஒருதரம் மீனா வந்திருக்காரே மாமா” என்றேன்.

“வந்தார். குழம்புல வரலை.”

(இவரைக் கெட்டவராகக் காட்டி எழுதிய பிரதி ஒன்று இருந்தது. இந்த ஒரு வரிக்காக அதைத் தூக்கிப் போட்டேன். இப்படிப் பேசுகிறவரை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை.)

மாமா யோசித்தார். என் அப்பாவுக்கு நண்பர், என்னை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. பாக்கெட்டைத் திருப்பி என் பத்தியைப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார்.

“ஒண்ணு பண்றேன். இப்படி வெச்சுக்கறேன்” என்று பாக்கெட்டை ஷெல்ஃபில் பின்பக்கம் தெரிகிற மாதிரி வைத்தார். “மீன் சுவத்தைப் பாக்கட்டும். உன் கதை ஜனங்களைப் பாக்கட்டும். யாருக்கும் பாதகமில்லை. நாளைக்கே கொண்டுவாங்கோ.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். இத்தனை வருடமாகப் பின்பக்கத்தில் எழுதி எழுதி யாரும் படிக்காதவள் நான். ஒரே நொடியில் என் பத்தி முன்பக்கமாகிவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டு என் எழுத்து நின்றது. தமயந்தியைப் பார்த்து, ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று கண்ணால் சொன்னேன்.

அவள் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்லுதேன் சார்” என்றாள்.

அந்தக் குரல் எனக்கு ஏற்கனவே தெரியும்.

மெட்ரோவுக்கு நடந்தோம். பூஜைத் துணி வாங்கும் கூட்டம். ஒரு திருப்பத்தில் நின்றாள்.

“அக்கா, சின்னதுல தமிழ்க்காரங்க பொங்கல் விழாவுக்கு இந்தப் பக்கமா எங்களக் கூட்டிட்டு வருவாக. கெளம்புறதுக்கு முந்தி அம்மா எங்க கைய எலுமிச்சம்பழத்தப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவிவிடுவா. மீன் வாசம் வந்துரக் கூடாதாம். தோல் எரியும். பெங்காலி வீட்டுக்குப் போகைல ஒருநாளும் அப்படிக் கழுவுனதில்ல. நம்ம ஆளுகள்ட்ட போகைலதான் கழுவுனா.”

அந்தப் பொங்கல் விழாக்களில் நானும் இருந்திருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக் கும்மிகூட அடித்திருக்கலாம். வாசனை வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

“அந்தச் சார் நல்லவருதான்” என்றாள். “ஆனா சுவத்தப் பாத்துத் திரும்பி நிக்க நான் இனிமே மாட்டேன் அக்கா.”

6

இரண்டு நாள் கழித்து போன் செய்தாள்.

“அக்கா, கோவிச்சுக்கிடாதிய. ஒங்க கதைக்கு இடமில்லாமப் போச்சு.”

“என்ன பண்ணின?”

சொன்னாள். பொடியில் என்னென்ன இருக்கிறது, தேதி, பச்சைப் புள்ளி எல்லாவற்றையும் பக்கவாட்டு மடிப்பில் ஏற்றிவிட்டாள். பின்பக்கம் என்று ஒன்று இல்லாமல் செய்துவிட்டாள். நான் எழுதியதில் சிறந்தது, அந்தப் பத்தி, போயே போய்விட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது.

மகாளய அமாவாசைக்கு முன் ஒரு காலையில் இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்மநாபன் மாமா கடைக்குப் போனோம். நீலாவதியும் வந்திருந்தார், கையை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவாமல். கடையில் கூட்டம் இருந்தது. மாமா ஒரு பாக்கெட்டை எடுத்தார். மீனைப் பார்த்தார். ஏற்கனவே பேசி வைத்த ஏற்பாடுதானே என்று ஷெல்ஃப் பக்கம் திரும்பினார். கை மேலே போனது.

இங்கே நிறுத்துகிறேன்.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் மாமா சிரித்துவிட்டுப் பாக்கெட்டைப் பெருமாள் படத்துக்கு நேராகவே வைத்தார். அந்த முடிவை எழுதியதும் எனக்கே அலுத்துவிட்டது, ஏதோ அவர் பெருந்தன்மையைக் கொண்டாட நாங்கள் பெட்டி தூக்கிக்கொண்டு போன மாதிரி. இன்னொன்றில் முகம் கடுத்துப் பெட்டியைத் திருப்பித் தள்ளினார், கூட்டத்தில் ஒரு வங்காளி அம்மாள் குறுக்கே வந்து “எனக்கு ஒன்று கொடுங்கள்” என்று கை நீட்டினாள். அந்த அம்மாளை நம்பி ஒரு கதையை முடிக்க எனக்கு விருப்பமில்லை. கரியாஹாட் கடைக்காரர்கள் மனம் மாறி ஓடிவருவதாக—

இல்லை. அவர்கள் வரவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நாளைக்கு வந்தாலும் சொல்ல மாட்டேன். தமயந்தி நர்சிங் ஹோம் மேஜைக்குத் திரும்பிப் போனாளா, போகவில்லையா என்பது அந்த ஷெல்ஃபை மட்டும் பொறுத்தது அல்ல, நீங்கள் எதை எப்படி வாங்குகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. நீங்கள் எந்த ஊர்க் கடையில் நின்றுகொண்டிருந்தாலும் சரி, மாமாவின் கையில் இருந்த பாக்கெட்டை இப்போது உங்கள் கையில் கொடுக்கிறேன். பின்னால் கூட்டம் நிற்கிறது, பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு சாய்ந்த எழுத்தில் ‘நேத்து’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே மீன். பிடித்தால் அப்படியே வையுங்கள். பிடிக்கவில்லை, முகம் சுளிக்கிறது, பக்கத்தில் யாராவது தப்பாக நினைப்பார்கள் என்றால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடலாம் என்று தோன்றும். தாராளமாகத் திருப்புங்கள்.

அந்தப் பக்கமும் மீன்தான்.